கை கொடுக்காத கல்லூரி

பிசியோதெரபி என்றால் கை கால் பிடித்துவிடுகிற வேலை என்றுதான் எண்பதுகளில் எங்கள் பக்கம் நினைத்தார்கள். அதற்கும் ஒரு டிகிரி உண்டு, நான் அதற்கு வாத்தியார் என்று சொன்னால் சிரிக்காத ஆளில்லை. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக வாத்தியார்களே, உங்களிடம் புலம்பாமல் வேறு யாரிடம் புலம்புவேன்?

பலகை எழுதினோம்

புதுச்சத்திரம் பக்கம் புதிதாகத் தொடங்கிய கல்லூரி எங்களுடையது. பல்கலைக்கழகத்திலிருந்து இன்ஸ்பெக்‌ஷன் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. அங்கீகாரம் கிடைக்காவிட்டால் முதல் செட் பிள்ளைகளின் படிப்பு அம்போ!

துறையின் லட்சியம் என்ன என்று பலகை மாட்ட வேண்டுமாம். அந்த வேலை என் தலையில் விழுந்தது. சேவை, தியாகம் என்று அளக்க எனக்கு மனசு வரவில்லை. தினமும் செய்வதையே எழுதிக் கொடுத்தேன்: 'நோயாளி தானே செய்யக்கூடியதை நாங்கள் செய்துகொடுக்க மாட்டோம்.' போர்டு எழுத வந்தவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங்க சார், இதைப் படிச்சுப்போட்டு எவனுங்க உள்ள வருவான்?"

பாவாயி அக்காவின் அர்ச்சனை

எங்கள் கல்லூரிச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த அர்த்தநாரி லாரி டிரைவர். விபத்தில் இடது கால் முறிந்து, கட்டுப் பிரித்த பிறகும் காலை ஊன்றப் பயம். கால் சரியாகாவிட்டால் கிளச் மிதிக்க முடியாது, குடும்பம் நடுத்தெருவில். அவர் எழுந்திருக்க முயன்றாலே மனைவி பாவாயி ஓடிவந்து அணைத்துத் தூக்கிவிடுவார். தானே எழுந்தால்தான் காலுக்கு வலு வரும் என்று நாங்கள் குறுக்கே நின்று தடுப்போம்.

ஒரு மனுஷன் எழ முடியாமல் தவிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எங்கள் ஊரில் பகையாளிகூடச் செய்யாத காரியம். அந்தம்மா விட்ட வசவில் என் மாணவிகள் இரண்டு பேர் அழுதே விட்டார்கள்.

"படுபாவிங்களா, ஒரு கை குடுத்தா கொறஞ்சா போயிருவீங்க? எங்கூட்டு நாயி நொண்டுனாக்கூட நான் தூக்குவேனுங்க!"

டீ வாங்கப் போன நேரம்

ஒருநாள் பாவாயி டீ வாங்கப் போயிருந்தார். அர்த்தநாரி கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டு, மெல்ல மெல்ல ஜன்னல்வரை நடந்துபோய், நாமக்கல் ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தூக்குவாளியோடு திரும்பிய பாவாயி வாசலிலேயே நின்றுவிட்டார். ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை. பொலபொலவென்று கண்ணீர்.

"புடிச்சுப் புடிச்சு நானே இவரை நொண்டியாக்கிப்போடப் பாத்தேனுங்களே, சாமி!"

பெரிய மனிதர்கள் வந்தார்கள்

இன்ஸ்பெக்‌ஷன் குழுத் தலைவர் பலகையைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னய்யா இது, உதவ மாட்டோம்னு ஒரு லட்சியமா?" எங்கள் முதல்வர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி வெந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து, தலைவருக்கு வணக்கம் வைக்க அர்த்தநாரி ஊன்றுகோல் இல்லாமல் கிளம்பினார். நடு ஹாலில் கால் நடுங்கியது. தலைவர் பதறிப்போய், தாங்கிப் பிடிக்க இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தார். எனக்கும் கை பரபரத்தது. பெஞ்சிலிருந்து பாவாயி போட்ட சத்தத்தில் ஹாலே அதிர்ந்தது.

"தொடாதீங்க சாமி! அவரே வருவாரு!"

தலைவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அர்த்தநாரியும் வந்து சேர்ந்தார், அங்கீகாரமும் வந்து சேர்ந்தது. லட்சியம் எழுத எனக்கு அரை நாள்கூட ஆகவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நிற்கத்தான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.