ரப்பர் கரப்பானும் நீலக்கட்டத் தலையணை உறையும்

மோசமான லாட்ஜ்களுக்கென்று ஒரு சாம்ராஜ்யம் அமைந்தால், முடிசூட்டத் தராசுக்காரரை விட்டால் வேறு ஆள் கிடையாது. அவர் அறைக்குள் நுழைந்தால் மூட்டைப்பூச்சிகள் எழுந்து நின்று வணக்கம் வைக்கும். எலிகள் தங்கள் பிள்ளைகளுக்கு, "நம்ம சார் வந்துட்டார் பாரு" என்று கைகாட்டும்.

அவருக்கு எலக்ட்ரானிக் தராசுகளைப் பழுதுபார்க்கும் வேலை. மாதத்தில் பாதி வெளியூர்தான். கம்பெனி கொடுக்கும் பயணப்படிக்கு எது கிடைக்கிறதோ அதுதான் அறை. குழாயைத் திறந்தால் இருமும், தண்ணீர் வராது. மின்விசிறி சுற்றுவதைவிட அதிகம் பேசும். ஓரிடத்தில் சோப்பு கேட்டதற்கு, முன்பு தங்கியவர் விட்டுப்போனதை அவருடைய தலைமுடியோடு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

இதையெல்லாம் வீட்டில் அவர் குறையாகச் சொன்னதில்லை, கதையாகத்தான் சொல்வார். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பத்தாம் வகுப்பில் கணக்கோடு கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் மகள், வாலு என்று பெயரெடுத்தவள், தன் பங்குக்குக் கதையில் இரண்டு எலிகளைச் சேர்த்துப் பக்கத்து வீட்டில் அவிழ்த்துவிடுவாள், நோட்டிலும் எழுதி வைப்பாள்.

போன மாதத்துக் கதை மட்டும் சிரிப்பாக முடியவில்லை. லாட்ஜில் பொட்டுத் தூக்கமில்லாமல் போய், சர்க்கரைக் கிடங்கில் தராசுக்கு அடியிலேயே அவர் தூங்கிவிட்டார். லாரிகள் வரிசைகட்டி நின்றன.

"இன்னொரு தடவை இப்படி நடந்தா கடையிலயே உக்காந்து ரசீது போடுங்க. வெளியூருக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார் முதலாளி. படி நின்றால் வீட்டு வாடகை ஆட்டம் கண்டுவிடும்.

அடுத்த பயணமும் அதே கிடங்குக்குத்தான். அங்கே வேறு லாட்ஜும் இல்லை.

"உங்க ரூமையே எடுத்து வச்சிருக்கோம் சார்" என்றார் மேனேஜர், பெருமையாக.

"வேற யாரும் கேக்கலையா?"

"கேட்டாங்க சார். பாத்துட்டுத் திரும்பிட்டாங்க."

தூக்கத்துக்கு எமனாக வந்தது தலையணை. கிட்டே போனாலே நாற்றம் ஆளைத் தள்ளியது. தொழில்புத்தி சும்மா இருக்குமா? பையிலிருந்த சின்னத் தராசை மேசைமேல் வைத்து அதை எடை போட்டார். மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஒண்ணே முக்கால் கிலோ. இதுல பஞ்சு முக்கால் கிலோ இருந்தா அதிகம். மிச்சம் என்ன தெரியுமா? இங்க வந்துபோனவங்க தலை எண்ணெய்."

மேனேஜர் தராசைச் சந்தேகமாகப் பார்த்தார். "உங்க மெஷின் சரியா இருக்கா சார்?"

மேனேஜர் போனபின், தலைக்கு வைக்கத் துண்டாவது கிடைக்குமா என்று தராசுக்காரர் பையைக் கிளறினார். முன்பின் பார்த்திராத ஒரு தலையணை உறை கையில் வந்தது. அவருடைய பழைய நீலக்கட்டம் போட்ட சட்டையை வெட்டித் தைத்தது. சட்டைப்பை அப்படியே இருந்தது. கண்ணாடி வைக்க வசதி என்று விரலை விட்டார். உள்ளே மீசையோடு ஒரு கரப்பான்!

உதறிக் கீழே போட்டு, செருப்பால் வெளுத்து வாங்கினார். அது சாகவில்லை. ஒவ்வொரு அடிக்கும் துள்ளித் துள்ளி வந்தது. ரப்பர்.

சத்தம் கேட்டு ஓடிவந்த மேனேஜர், "எங்க லாட்ஜுல கரப்பானே கிடையாது சார்" என்றார். அவர் தலைக்கு மேலே சுவரில் இரண்டு நிஜக் கரப்பான்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தன.

மாற்றுத்துணிகளை உறைக்குள் அடைத்துத் தலைக்கு வைத்துக்கொண்டார் தராசுக்காரர். வீட்டுத் துணிசோப்பின் வாசம். அன்றைக்கு மின்விசிறி என்னவெல்லாம் பேசியதோ, அவருக்குத் தெரியாது.

மறுநாள் மதியத்துக்குள் கிடங்குத் தராசு தயார். லாரிகள் நகர்ந்தன. முதலாளி போனில் "ம்" என்றார். அவர் அகராதியில் அது பாராட்டு.

வீட்டுக்கு வந்தவர் முதல் வேலையாகக் கரப்பானை மகள் மடியில் போட்டார்.

"உன் ஆள் ஊர் சுத்திட்டு வந்திருக்கான்."

"எவ்வளவு உயரம் குதிச்சீங்கப்பா?"

"அதை விடு. உறை யாரு தைச்சது?"

"அம்மாவா இருக்கும். எனக்கென்ன வேற வேலையில்லையா?"

"நான் ஊசியைத் தொட்டே மாசக்கணக்காச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் உறையின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். தையல் தண்ணியடித்தவன் நடை மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்து போயிருந்தது.

"உங்கம்மா தைச்சா நேராப் போகும்."

வாலு கரப்பானின் மீசையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கே தெருவெல்லாம் சொல்லிடுவ. எழுதிக்கூட வைப்ப" என்றார் அவர். "எழுதறப்ப உறை யாரு தைச்சதுன்னும் சேத்து எழுது."