மாப்பிள்ளையின் காரும் என் காரும்

கார் மேல் எனக்கு எந்தக் காலத்திலும் ஆசை இருந்ததில்லை. இரும்புலியூரில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தேன். ஒயர் சுருளையும் சுவிட்ச் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போக ஒரு வண்டி தேவைப்பட்டது. ஐந்து வருடம் ஓடிய பழைய கார் ஒன்றை, டிக்கி பெரிதாக இருக்கிறது என்பதற்காக வாங்கினேன். எஞ்சினும் பெரிது என்பதை நான் பொருட்படுத்தவே இல்லை. மாப்பிள்ளை பொருட்படுத்துவார் என்று யோசித்திருக்க வேண்டும்.

அதற்கு முந்தின வருடம்தான் தங்கைக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீடு செம்பாக்கத்தில். அவர்கள் வாய் திறந்து எதையும் கேட்கவில்லை. "உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறது" என்று மட்டும் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாத ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தானே எல்லாம். ஷோரூமிலிருந்து வெள்ளி நிறத்தில் ஒரு சின்னப் புதுக் கார் எடுத்துக் கொடுத்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

வண்டலூரில் ஒரு உறவுக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டு இரண்டு காரும் திரும்பிக்கொண்டிருந்தன. பெருங்களத்தூர் தாண்டியதும் முன்னால் ஒரு லாரி. கடைக்கு ஆள் வந்து காத்திருக்கிறான் என்ற அவசரத்தில் ஒரு மிதி மிதித்தேன். லாரியையும் தாண்டி, அதற்கு முன்னால் போன மாப்பிள்ளையின் காரையும் தாண்டிவிட்டேன். போதாத குறைக்குக் கையை வேறு ஆட்டினேன்.

அந்த வாரமே சேதி வந்துவிட்டது. தனக்குக் கொடுத்தது மாட்டு வண்டி, மச்சான் வைத்துக்கொண்டது குதிரை என்று மாப்பிள்ளை சொன்னாராம். பொங்கலுக்குத் தங்கையை அனுப்பவில்லை. போனில் அவள் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுவாள். பக்கத்தில் ஆள் இருக்கிறார் என்று அதிலேயே தெரியும். மூன்று மாதம் அம்மா என் முகத்தைப் பார்த்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்ய? பழைய காரை வாங்கியவன் நான், புதுசைக் கொடுத்தவனும் நான். ஆனாலும் குற்றவாளி நான்தான். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரனுக்கு வக்காலத்து கிடையாது.

கடைசியில் மாப்பிள்ளையே போன் பண்ணினார்.

"அன்னிக்கு நான் ஏசி போட்டிருந்தேன் மச்சான். வண்டில நாலு பேரு. நேர் ரோட்ல, எல்லாம் சமமா வச்சு, ஒரு ரேஸ் விட்டுப் பாத்துரலாம். புஸ்தகத்துல போட்டிருக்கான், பிக்கப்புல என் வண்டிய அடிச்சுக்க முடியாதாம்."

"சரிங்க மாப்ள" என்றேன். வேறென்ன சொல்வது?

பக்கத்தில் நின்று கேட்ட அம்மா, "விட்டுக் கொடுத்தவன் கெட்டுப் போனதில்லடா" என்றாள். அவர் ஜெயித்தால் தங்கை வீட்டுக்கு வருவாள். தோற்றால் எத்தனை பண்டிகை போகுமோ தெரியாது. தோற்பதற்கென்றே கிளம்பினேன்.

அப்போது பைபாஸை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் தார் போட்டு முடித்து, வண்டிகளுக்குத் திறந்துவிடாமல் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, பாதையை மறித்து வைத்திருந்த டிரம்களுக்கு நடுவே புகுந்து உள்ளே போனோம். தங்கையும் வந்திருந்தாள். இளைத்திருந்தாள். மாப்பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் உங்கள விட நாப்பது கிலோ கூட மச்சான். அது நியாயமில்ல. இவ உங்க வண்டில உக்காரட்டும்."

காய்கறிக்காரன் தட்டில் படிக்கல்லை வைப்பதுபோல அவளை என் காரில் வைத்தார்கள். கோபம் வந்தது. சமமாக வைத்துப் பார்க்கும்போது நடுவில் பேசக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். அவள் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

இரண்டு காரையும் ஒரே கோட்டில் நிறுத்தினோம். மூன்றாவது ஹார்னுக்குக் கிளம்ப வேண்டும், தூரத்தில் தெரிந்த ஜல்லிக் குவியல் எல்லை. ஹார்ன் அவருடையதுதான்.

புறப்பட்ட வேகத்தில் அவர் முந்தினார். சின்ன வண்டி, வெடுக்கென்று பாய்ந்தது. இரண்டாவது கியரில் பக்கத்துக்கு வந்துவிட்டேன். மூன்றாவதில் என் பழைய வண்டி, எனக்கே தெரியாத ஒரு பலத்தோடு இழுத்தது. அவருடைய ஜன்னல் பின்னால் போனது, பிறகு முன்சக்கரம் போனது.

"போண்ணா! போ, போ!"

தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். டேஷ்போர்டில் கையால் தட்டிக்கொண்டே சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாலாவது கியர் போட வேண்டிய இடம் வந்தது. போடவில்லை. மூன்றிலேயே வைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். எஞ்சின் அலறியது. வெளியிலிருந்து கேட்பவனுக்கு உயிரைக் கொடுத்து ஓட்டுவதாகத்தான் தோன்றும். ஆனால் வண்டி அதற்கு மேல் போகாது. வெள்ளிக் கார் மெதுவாகப் பக்கத்தில் வந்து, தாண்டி, ஜல்லிக் குவியலை எட்டியது. தங்கையின் கை டேஷ்போர்டிலேயே நின்றுவிட்டது.

மாப்பிள்ளை இறங்கி வந்து என் தோளில் தட்டினார். முகமெல்லாம் பல்.

"வண்டி நல்ல வண்டிதான் மச்சான். வேகம் புடிச்சா மூச்சு வாங்குது, அவ்ளோதான். இன்னிக்கு அத்தை கையால சாப்பாடு, போன் பண்ணிச் சொல்லிருங்க."

நினைத்தது நடந்துவிட்டது. அம்மா கறிக்கு ஆள் அனுப்புவாள். இனி எந்தப் பண்டிகைக்கும் தடையில்லை. மூன்று மாதப் பாரம் இறங்கியிருக்க வேண்டும். அப்படியே படுத்துத் தூங்கிவிடலாம் போன்ற அலுப்புதான் இருந்தது.

அவர் தம் காரைத் திருப்பப் போனார். தங்கை இறங்காமல் கியர் தண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு போடல நீ."

"வண்டி இழுக்கலம்மா."

"எங்கிட்டயுமா?"

கியர் தண்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

"நான் வீட்டுக்கு வரணும்னுதான விட்ட? நான் வராமலேயே இருந்திருப்பேன்ணா. அவரு ஒரு தடவ தோத்து நான் பாத்திருப்பேன்."

வெள்ளிக் கார் திரும்பி வந்து ஹார்ன் அடித்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.