நாலு கோட்டுக் கொப்பி

கோப்பாயில் நான் இங்கிலிஷ் படிப்பித்த பள்ளிக்கூடத்தில், எழுத்துகளைத் தொடுத்து எழுதும் கூட்டெழுத்தை நிற்பாட்டியது நான்தான். வேறு யார் தலையிலும் அந்தப் பழியைப் போடமுடியாது. ஆசிரியர் கூட்டத்தில் எழும்பி நின்று, "பிள்ளையள் இனி ஃபோனிலதான் எழுதப்போகுதுகள். உந்த வளைச்சு வளைச்சு எழுதுற வேலையில ஏன் வருசம் முழுக்க மினக்கெடுவான்?" என்று கேட்டேன். அதிபர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். அடுத்த தவணையே, கூட்டெழுத்துப் பழகும் நாலு கோட்டுக் கொப்பி வாங்கவேண்டிய பட்டியலில் இருந்து போய்விட்டது. என் மகள் அப்போது அங்கே மூன்றாம் வகுப்பு. அவளுக்குத் தனித்தனி எழுத்து மட்டும்தான் வரும். அதிலேயே கெட்டிக்காரி என்று எனக்குப் பெருமை வேறு.

அவள் பத்தாம் வகுப்புக்கு வந்த வருடம் என் கணவருக்கு இருதயத்தில் கோளாறு. இரத்தம் கட்டியாகாமல் இருக்க ஒரு குளிசை, அதோடு வேறு நாலு. மாதாமாதம் தனியாக பஸ் ஏறி யாழ்ப்பாணம் கிளினிக்குக்குப் போவார். டொக்டருக்கு முன்னால் எதற்கும் ஓம் ஓம் என்று தலையாட்டுகிற மனிதர். என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "எல்லாம் கொப்பியில இருக்கு" என்பார். அந்தக் கிளினிக் கொப்பியை வாசித்துக் குளிசைகளைப் பிரித்து வைப்பது மகளின் பொறுப்பு.

அந்த மாதம் மருந்துப் பையில் இரத்தத்துக்கான குளிசை இருக்கவில்லை. நான் கவனித்தேன். வீட்டில் அந்தக் குளிசையின் பழைய அட்டை ஒன்று கிடந்தது. அது போதும் என்று விட்டிருப்பார்கள் என நானாகவே முடிவு கட்டினேன். மகள் கொப்பியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து எழுத்துக்கூட்டினாள்.

"அம்மா, இரத்தக் குளிசைக்கு நேரே வி, ஓ, எம், ஐ, ரீ... வொமிற் எண்டு போட்டிருக்கு. வெறும் வயித்தில குடுத்தால் அப்பாவுக்குச் சத்தி வருமாக்கும்."

"அப்ப சாப்பிட்டாப் பிறகு குடு."

நான் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு ஒருக்கால் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

மகள் வேளை தவறாமல் கொடுத்தாள். மூன்றாம் நாள் அவர் பல்லு விளக்கித் துப்பியதில் இரத்தம் இருந்தது. புது பிரஷ், அதுதான் என்றார். ஐந்தாம் நாள் முழங்கைக்குக் கீழே நாவற்பழ நிறத்தில் ஒரு கண்டல். எங்கே இடித்தது என்று அவருக்கே தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பயந்துகொண்டேதான் அன்றைக்கும் அவர் குளிசையை விழுங்கத் தண்ணீர் வார்த்துக் கொடுத்தேன்.

ஏழாம் நாள் காலை கிணற்றடியில் விழுந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பிறகு அவர் பிழைத்துக்கொண்டார், இடது கைதான் இன்றைக்கும் சட்டைப் பொத்தானுக்குக்கூட உதவாது. ஆனால் அன்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தலையைப் படம் எடுக்க அவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நானும் மகளும் வார்ட்டில் நின்றோம்.

ஓர் இளம் பெண் டொக்டர் கொப்பியை விரித்தார். அப்போதுதான் நானும் எட்டிப் பார்த்தேன். கிறுக்கல் என்று யாரும் சொல்லமுடியாது. நான் சின்ன வகுப்பில் பழகிய அதே அழகான கூட்டெழுத்து. முதல் எழுத்துக்கு முன்னால் ஒரு சின்ன வளைவு இருந்தது. மகள் அதையும் 'வி' என்று ஓர் எழுத்தாக எடுத்துவிட்டாள்.

"ஓ, எம், ஐ, ரீ, ஒமிற் எண்டெல்லோ எழுதியிருக்கு. இரத்தம் கூட இளகிப்போச்சு எண்டு இந்தக் குளிசையை நிப்பாட்டச் சொன்னது. ஆர் குடுத்தது?" என்றார் டொக்டர்.

நான் வாயைத் திறக்கும் முன்னே, "நான்தான்" என்றாள் மகள். "வொமிற் எண்டு வாசிச்சிட்டன்."

டொக்டர் கொப்பியை மூடிவைத்தார். ஏச்சு விழும் என்று நினைத்தேன். "ஏன் பிள்ளை, உங்கட பள்ளிக்கூடத்தில கூட்டெழுத்துப் படிப்பிக்கிறேல்லையோ?" என்று மட்டும் கேட்டார்.

மகள் என் பக்கம் திரும்பவேயில்லை.

"முந்திப் படிப்பிச்சவை," என்றாள். "பிறகு நிப்பாட்டிப் போட்டினம்."

யார் நிற்பாட்டியது என்று அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.