தோற்பதற்கு ஒரு ஒண்ணாம் நம்பர்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வீரன் கீரன் என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம். இருட்டுக்குப் பயம், முட்டுகிற மாட்டுக்குப் பயம், எல்லாவற்றுக்கும் மேலே அய்யாவுக்குப் பயம். நயினார்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். குலசாமிக்குக் கிடா வெட்டும்போது, நேர்ந்துவிட்ட கிடாயின் தலையில் மஞ்சள் தண்ணீரைத் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாக அர்த்தம். அய்யா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நிற்பார். கிடா சிலுப்புகிற வரைக்கும்தான் நான் அங்கே இருப்பேன். அதற்கப்புறம் நடப்பதை இன்றுவரை பார்த்ததில்லை.

இப்பேர்ப்பட்டவன் கல்லூரி டென்னிஸ் அணியில் எப்படிச் சேர்ந்தேன் என்றால், ஓடுவதற்குக் கால் இருந்தது, அவ்வளவுதான். ஐம்பதுகளின் பிற்பகுதி அது. ஜில்லாவின் வடக்குக் கோடியில் இருந்தது கல்லூரி. ஓங்கி அடித்தால் பந்து வெளியே போய்விடுமோ என்று பயந்து, வருகிற பந்தையெல்லாம் வலைக்கு மேலே பத்திரமாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பேன். எங்கள் கேப்டன் அதைப் பார்த்துவிட்டு, "ஏலே, நீ மனுசனா, சுவரா?" என்று கேலி செய்தார். அந்தச் சுவரைத்தான் அணியில் கடைசி ஆளாகச் சேர்த்துக்கொண்டார்.

முந்தைய வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான டென்னிஸ் பந்தயத்தில் எங்கள் கல்லூரி இறுதி ஆட்டம் வரை போயிருந்தது. அதற்குக் காரணம் ஒரே ஆள், கீழக்கரைக்காரர். அவர் அடித்தால் பந்து போன திசை தெரியாது. அந்த மனுஷர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, வாப்பாவின் கடையைப் பார்க்கக் கொழும்புக்குக் கப்பலேறிவிட்டார். போகும்போது கேப்டனின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்ஷா அல்லாஹ், இந்த வருசம் கப்பு நமக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வேறு போனார். சொல்லிவிட்டுப் போவதற்கு என்ன, ஆட வேண்டியது நாங்கள் அல்லவா!

சீடிங் என்று ஓர் ஏற்பாடு உண்டு. போன வருஷம் நன்றாக ஆடிய அணிகள் முதல் நாளே ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாதபடி, அட்டவணையில் ஆளுக்கொரு கோடியில் வைத்துவிடுவார்கள். மதுரைக் கல்லூரி முதல் சீடு, நாங்கள் இரண்டாவது. கீழக்கரைக்காரர் இல்லை என்று தெரிந்தால் அந்த இடத்தைப் பிடுங்கிவிடுவார்களோ, முதல் ஆட்டமே மதுரையோடு வந்துவிடுமோ என்று கேப்டன் தூங்காமல் கிடந்தார். பிடுங்கவில்லை, போன வருஷத்துக் கணக்குத்தான் கணக்கு என்று சொல்லிவிட்டார்கள். அவர் நிம்மதியாகத் தூங்கினார். என் தூக்கம் போயிற்று. இரண்டாவது சீடு என்று நம்பி வருகிறவர்கள் என்னை அல்லவா பார்ப்பார்கள்? "இதுவா சீடு?" என்று கேட்டால் எங்கே கொண்டுபோய் முகத்தை வைப்பது?

இதற்கு நடுவில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? இல்லை. எங்கள் கண்மாய் நிறைந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஏர் பிடிக்க அய்யாவை விட்டால் ஆளில்லை. பொங்கலுக்குப் போனபோது, "படிச்சது போதும்லே, இந்த வருசத்தோட ஊருக்கு வந்துரு" என்றார். எனக்குப் பகீரென்றது. படிப்பின் மேல் அப்படியொரு ஆசை என்று பெருமையடிக்க மாட்டேன். ஆனால் அந்த வெடித்த நிலத்தைப் பார்த்தாலே, அது என்னை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று தோன்றும். பயத்தில் உளறிவிட்டேன்.

"இல்லங்கய்யா, காலேசுல நான் பெரிய ஆட்டக்காரன். நல்லா ஆடுறவனுக்குச் சர்க்கார் உத்தியோகமெல்லாம் தாராங்க."

அய்யா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கன ஆடுற?"

"மாசிக்கு மேல, ராமநாதபுரத்துல."

"வாரேன். வந்து கண்ணால பாக்குறேன். பொய்யின்னு தெரிஞ்சுச்சு, அங்கனயே கையப் பிடிச்சுக் கூட்டியாந்துருவேன்."

அய்யா சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறும்போது, ஒருவேளை அப்படியே ஊருக்குப் போகும்படி ஆகிவிடுமோ என்று என் தகரப்பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டேன். "மூணு நாளைக்கு எதுக்குடா பெட்டி?" என்று கேப்டன் கேட்டார். நான் அதை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய கிளப்பின் மண் கோர்ட்டில்தான் பந்தயம். இரண்டு சிங்கிள்ஸ், ஒரு டபுள்ஸ். மூன்றில் இரண்டை ஜெயித்த அணிக்கு வெற்றி. முதல் இரண்டு நாளும் சின்னக் கல்லூரிகள்தான் எதிரே வந்தன, சீடிங்கின் புண்ணியம். கேப்டன் தன் சிங்கிள்ஸை ஜெயித்தார். அவரும் இன்னொருவரும் சேர்ந்து டபுள்ஸையும் ஜெயித்தார்கள். நான் ஆடிய இரண்டு ஆட்டத்திலும் தோற்றேன். ஆனாலும் அணி இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டது. ஊர் கூடி இழுத்த தேரில் நானும் ஒரு கை வைத்திருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

எதிர்ப்பக்கத்திலிருந்து யார் வருவார்கள்? மதுரைதான் வந்தது. அவர்களுடைய முதல் ஆட்டக்காரன் பனைமர உயரம். அவன் சர்வீஸ் போடும்போது பந்து தரையில் பட்டு எழும்புகிற சத்தம் வேலிக்கு வெளியே கேட்டது. அவன் அரையிறுதி ஆடியதை நான் அங்கே நின்றுதான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் கேப்டன் என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். "நாளைக்கு நீதான் ஒண்ணாம் நம்பர்."

ஒரு நிமிஷம் காதில் தேன் பாய்ந்தது. அய்யா வரும் நாளில் ஒண்ணாம் நம்பர்! அடுத்த நிமிஷமே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒண்ணாம் நம்பர் என்றால் அந்தப் பனைமரத்தோடு அல்லவா ஆட வேண்டும்?

"அண்ணே, நான் தோத்துருவேனே!"

"அதுக்குத்தான்டா உன்னையப் போடுறேன்" என்றார் அவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "அவனை நானும் ஜெயிக்க முடியாது, எவனும் ஜெயிக்க முடியாது. அந்த ஆட்டம் போனது போனதுதான். அதுக்கு ஒரு நல்ல ஆளை வீணாக்குவானேன்? அவங்க ரெண்டாவது ஆளை நான் பாத்துக்கிடுறேன். கடைசியில டபுள்ஸ். அதுல அவனும் ஆடுவான். அங்கதான் உன் வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"சீக்கிரம் தோத்துராத. எம்புட்டு நேரம் முடியுமோ அம்புட்டு நேரம் நில்லு. இந்த மூலை, அந்த மூலைன்னு ஓட விடு. அவன் கால்ல இருக்கிற தெம்பையெல்லாம் இறக்கிட்டுத் தோத்துட்டு வா."

யாரை எந்த இடத்தில் நிறுத்துவது என்பது அப்போதெல்லாம் கேப்டன் இஷ்டம். முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் ஏது? தலையாட்டிவிட்டேன். படுத்த பிறகுதான் முழுசும் உறைத்தது. கப்பு வேண்டுமென்றால் நான் தோற்க வேண்டும். அதையும் அய்யா பார்த்துக்கொண்டிருக்க, நீளமாகத் தோற்க வேண்டும். தோற்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும்.

மறுநாள் அய்யா சொன்னபடி வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் குடை. நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. வேலியோரம் கருவேல மர நிழலில் நின்றுகொண்டார். யாரோ ஒருவர் அவரிடம், "உங்க மகன்தான் இன்னைக்கு ஒண்ணாம் நம்பர்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. படுபாவி, அதைச் சொல்லாமல் இருந்தால் என்னவாம்?

வெயில் மண்டையைப் பிளந்தது. நான் கோர்ட்டுக்குள் போகும் முன் கேப்டன் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, "குனி, வெயில் தாங்கும்" என்று மடமடவென்று என் தலையில் ஊற்றினார். கிணற்றுத் தண்ணீர். சில்லென்று முதுகில் இறங்கியதும் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட, தலையைச் சிலுப்பினேன். நிமிர்ந்து பார்த்தால் அய்யா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார். சண்டைக்கு வரப்போகிறாரோ என்று பயமாக இருந்தது.

முதல் செட் ஆறுக்கு ஒன்று. அந்த ஒன்றும் அவன் போட்ட பிச்சை. பந்து விழுவதற்குள் அய்யா பக்கம் பார்ப்பேன், இதோ உள்ளே வந்து கையைப் பிடிக்கப் போகிறார் என்று. அவர் அசையவில்லை. இரண்டாவது செட்டில் கடல் காற்று கிளம்பியது. அவன் அடித்த பந்துகளைக் காற்று தூக்கிக்கொண்டு போயிற்று. நான்தான் ஓங்கி அடிப்பதே இல்லையே! அவன் அடிக்க, நான் திருப்ப, அவன் அடிக்க, நான் திருப்ப, ஒவ்வொரு பாயிண்டும் அனுமார் வால் மாதிரி நீண்டது. "சுவரு! சுவரு!" என்று எங்கள் பையன்கள் கத்தினார்கள்.

நாலுக்கு நாலு என்று வந்தபோது ஒரு பந்து எனக்கு லட்டு மாதிரி வந்து விழுந்தது. அவன் பின்னால் நின்றிருந்தான். வலையோரமாகத் தட்டிவிட்டால் போதும், பாயிண்ட் எனக்கு. அய்யா கண்ணில் ஒரு தடவையாவது நான் ஆட்டக்காரனாகத் தெரிவேன். பாவி மனசு என்னமாய் ஆசைப்பட்டது! ஆனால் கேப்டன் சொன்னது மூலைக்கு மூலை. நான் பந்தைத் தூரத்து மூலைக்கே அனுப்பினேன். அவன் ஓடி எடுத்தான். மறு மூலைக்கு அனுப்பினேன். அதற்கும் ஓடினான். மூன்றாவது பந்தை ஓங்கி அடித்து என்னைத் தீர்த்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். ஆறுக்கு நாலு, நான் தோற்றேன்.

அய்யாவைப் பார்க்காமல் கிளப்புக் கட்டடத்தின் பின்னால் ஓடிப்போய், பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டேன். கேப்டன் ஜெயித்த சத்தம் கேட்டது. ஒன்றுக்கு ஒன்று. டபுள்ஸை எட்டிப் பார்க்கக்கூடப் பயம். கூட்டத்தின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு செட் அவர்களுக்கு, ஒரு செட் எங்களுக்கு. மூன்றாவது செட்டில் திடீரென்று அமைதியானது. "காலு பிடிச்சுக்கிடுச்சுடா அவனுக்கு!" என்று யாரோ கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் ஊரே இடிந்து விழுகிற மாதிரி ஒரு கூச்சல். கப்பு எங்களுக்கு. கேப்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அய்யாவிடம் போனேன். தப்பிக்க வழியில்லை.

"போவலாங்கய்யா" என்றேன்.

"பெட்டி எதுக்குலே?"

"நீங்கதான சொன்னீங்க, கூட்டிட்டுப் போயிருவேன்னு. நான் தோத்துட்டேன்ல."

அவர் கோர்ட்டைப் பார்த்தார். மதுரைக்காரனை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். "அந்த நெட்டப்பயல உன்னைய விட்டுத்தான சாச்சாங்க?"

ஆட்டத்தின் எண்ணிக்கை ஒன்றுகூட அவருக்குப் புரிந்திருக்காது. எல்லாம் இங்கிலீஷில்தான் கத்தினார்கள்.

"உங்களுக்கு யாருங்கய்யா சொன்னா?"

"யாரு சொல்லணும்? தலையில தண்ணி ஊத்துனாங்க. நீ சிலுப்புன. அப்பவே தெரிஞ்சுபோச்சு." குடையைக் கை மாற்றிக்கொண்டார். "நேந்துவிட்ட கெடாய வீட்டுக்குத் திருப்பி ஓட்டிக்கிட்டுப் போற வழக்கம் நம்மூர்ல உண்டாலே? இங்கனயே இரு. படி."

"ஏருக்கு ஆளு?"

"நான் செத்தா போயிட்டேன்?"

குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். அப்போதுதான் கவனித்தேன், துண்டு இன்னும் அவர் இடுப்பிலேயே இருந்தது. இரண்டு ஆட்டமும் டபுள்ஸும் முடிகிற வரை, சாமி முன்னால் நிற்கிற மாதிரி அப்படியே நின்றிருக்கிறார். ரோட்டுக்குப் போன பிறகுதான் அதை அவிழ்த்து, முகத்தை ஒரு தடவை துடைத்துவிட்டு, தோளில் போட்டுக்கொண்டார்.