பெனால்டியும் சர்ச் ஹாலும்

இன்று காலைப் பூசை முடிந்து தோ பாயோ திடலுக்கு பஸ்ஸில் போனோம். எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்கும் ஃபாதரின் அணிக்கும் கால்பந்து ஆட்டம்.

பக்கத்தில் சேவியர் அண்ணன், ஜூரோங் கப்பல் பட்டறை சூப்பர்வைசர். அவருடைய அபிமான இங்கிலாந்து டீம் நேற்றிரவு பெனால்டியில் தோற்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

“எல்லாம் கேலோங் லா! ரெஃப்ரிய முன்னாடியே பேசி வச்சுட்டானுங்க. ஆளத் தொடவே இல்ல, பெனால்டி குடுக்குறான்! மனசாட்சி வேணாமா?”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

இன்றைய ஆட்டத்துக்கு ரெஃப்ரி அவர்தான். பாடகர் குழுவின் கோல்கீப்பர் நான்.

கடைசி நிமிடத்தில் ஃபாதர் தன் ஷூ லேஸையே மிதித்து விழுந்தார். பக்கத்தில் ஒருவரும் இல்லை. அண்ணன் விசிலடித்து பெனால்டி கொடுத்தார்.

“சேவியர், நானாத்தான் விழுந்தேன்,” என்றார் ஃபாதர்.

“நீங்க சும்மா இருங்க ஃபாதர், நான் பாத்தேன்!”

கோல். தோற்றோம்.

“அண்ணே, இதுக்குப் பேரு என்ன?”

“டேய், ஜனவரில மக கல்யாணம். சர்ச் ஹால் தேதி இன்னும் ஃபாதர் கையிலதான் இருக்கு. நீ வேற!”

வாயை மூடிக்கொண்டால் கல்யாண பிரியாணியில் எனக்கு இரண்டு துண்டு கூடுதலாம்.

இப்போது யோசித்தால், ஃபாதரை யாரோ தள்ளிய மாதிரிதான் இருந்தது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?