முகத்தைத் திருப்பிப் பார்க்கிறவள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் திரும்பிய பஸ்ஸில் சீட் காலியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலோரம் அக்கா, அவள் மடியில் மகள். "ஏட்டி, செத்த நேரம் உக்காரு. கண்டக்டர் உன்னையவே பாக்காரு" என்றாள் அக்கா.

எப்படி உட்காருவது? நாலு வயதுப் பிள்ளை. பிறந்தபோது மூச்சு நின்று மீண்டவள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றுதான் டாக்டர்கள் சொன்னார்கள். ஆனால் அக்கா எதிரில் உட்கார்ந்து "அம்மாவைப் பாரு" என்றால் போதும், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். எங்கள் தெருவில் இதற்குப் பெயர் பராக்கு. அத்தான் 'பராக்கு ராணி' என்றே கொஞ்சுவார். அக்காவுக்குச் சிரிப்பு வராது. தாடையைப் பிடித்து நேராக்குவாள். பிள்ளை மறுபடியும் திருப்பும். "நான் இருக்கது அவ கண்ணுக்குத் தெரியுதான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்ட்டி" என்பாள்.

அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கும் டீச்சர் சொன்னதில்தான் எனக்குத் தலைகால் புரியவில்லை. கண் நன்றாகத்தான் இருக்கிறதாம். கண் அனுப்புவதைப் புரிந்துகொள்ளும் இடத்தில், மூளையில், அடியாம். நாலைந்து பொருள் சேர்ந்திருந்தால் எல்லாம் ஒரே கலவையாகிவிடும். நடுவில் சத்தம் வந்தால் பார்வை விட்டுப்போகும். சில பிள்ளைகளுக்கு எதிரில் இருப்பதைவிடப் பக்கவாட்டில் இருப்பதே நன்றாகத் தெரியும். "முகத்தைத் திருப்புதால்ல, ஒருவேளை அப்பத்தான் பாக்காளோ என்னமோ. தாடையைப் பிடிக்காதீங்க" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்குப் பகீரென்றது. பார்வை வரட்டும் என்று பாய்க்கு மேலே கிலுகிலுப்பை, பாசிமணி, ஜிகினா மாலை என்று கடையையே தொங்கவிட்டிருந்தோம்! எல்லாவற்றையும் அவிழ்த்தேன். அத்தான் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்ப்பவர். வெள்ளைத் துணிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. காலண்டர், போட்டோ எல்லாம் மறையும்படி சுவர் முழுக்க அதைக் கட்டினேன்.

வேலை முடிந்து வந்த அத்தான் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன, சுவத்துக்கு அடிபட்டிருச்சா? கட்டுப் போட்டிருக்கீய?"

"ஆமா அத்தான். பெட் ரெஸ்ட் சொல்லியிருக்காவ."

வெள்ளைத் துணிக்கு முன்னால் ஒரு சிவப்பு டம்ளரை மெல்ல ஆட்டினேன். பிள்ளை வாசல் பக்கம் திரும்பினாள். "பராக்கு" என்று அக்கா பெருமூச்சு விட்டாள். ஆனால் கை! சின்னக் கை நேராக டம்ளருக்கு வந்தது.

"அக்கா! கையைப் பாரு, கையை!" என்று கத்திவிட்டேன். கை பொத்தென்று விழுந்தது.

"வாயைப் பொத்துட்டி! சத்தம் கூடாதுன்னு அவிய எம்புட்டுச் சொன்னாவ!"

துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு மறுபடி ஆட்டினேன். மறுபடியும் முகம் வாசலுக்கு, கை டம்ளருக்கு.

அக்கா எழுந்து உள்ளே போனாள். பூப்போட்ட சேலையை மாற்றி, பூவோ கட்டமோ இல்லாத சிவப்பு நைட்டியில் வந்தாள். துணிக்கு முன்னால் உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை, லேசாக அசைந்தாள், அவ்வளவுதான். பிள்ளை முகத்தைத் திருப்பியது. பழக்கத்தில் தாடைக்குப் போன கையை அக்கா இழுத்து மடியில் அழுத்திக்கொண்டாள்.

வாசலைப் பார்த்த முகம் அப்படியே இருக்க, கை மட்டும் கிளம்பியது. சிவப்புக்குத்தான் என்று நினைத்தேன். அது நைட்டியைத் தொட்டு, தாண்டி, மேலே ஏறி, அக்காவின் கன்னத்தில் போய் நின்றது.

அத்தானால் பொறுக்க முடியவில்லை. "என்ன, தெரியுதாமா?"

அக்கா உதடு அசையாமல் சொன்னாள்: "பேசாதீய. பாத்துக்கிட்டிருக்கா."