வெளியே பார்த்து நின்ற தேனீக்கள்

செல்லூரில் எங்கள் தறிக்கூடத்து மீட்டர் பெட்டிக்குள் தேனீக்கள் கூடு கட்டிவிட்டன. மருந்தடிக்க ஆள் கூப்பிட்டோம். முதுகில் கேனுடன் வந்த அந்த ஒல்லியான மனிதர், எதையும் கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். பெட்டியருகே அப்படிக் குனிந்தவர் துள்ளிவிட்டார்.

"அண்ணே, ஓடியாங்க! வாசல்ல சிறகடிக்கிற ஈயெல்லாம் வெளிய பார்த்து நிக்குது பாருங்க! வெக்கைக்குக் கூட்டுக்குள்ள காத்து வீசுதுக. சீமை ஈன்னா உள்ள பார்த்து நிக்கும். இது நம்மூரு ஈண்ணே!"

"அப்ப மருந்து?"

"விசிறிக்கிட்டு நிக்கிறவுக மேலயா அடிக்கச் சொல்றீக?"

எங்கள் தறி நூலாலேயே தேனடைகளை ஒரு மரப்பெட்டிக்குள் கட்டினார். ராணி உள்ளே போனதும் மொத்தக் கூட்டமும் பின்னால் போனது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினார்.

மருந்துக் கேனை மறந்துவிட்டிருந்தார். போனில் சொன்னேன். "வாரேண்ணே" என்றார். இன்றுவரை வரவில்லை.